கழுவிய இலையும் கழுவாத இலையும்

காலை ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அடுப்பில் பால் இருந்தது. இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு எந்த அழைப்பு வந்தாலும் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

"ஏனுங்க அம்மணி, வெள்ளகோயில்ல இருந்து முத்துச்சாமி பேசறனுங்க. உங்க வண்டு என்ர சூரியகாந்தியத் திங்குதுங்க."

"எந்த வண்டுங்ணா?"

"வாய்க்கா மேட்டுல நீங்க கொண்டாந்து உட்டீங்கல்லங்க, வெள்ள முதுகுல பொட்டுப் பொட்டா இருக்குமே, அதுதானுங்க. மேக்கால வரிசையெல்லாம் எலை சல்லடையாப் போச்சு. மூணு மணிக்கு மருந்து வண்டி வருதுங்க. உங்க புள்ளகிட்டயும் பொட்டிய எடுத்துக்கச் சொல்லிப்போட்டேன். பொறவு ஒரு வார்த்த சொல்லுலீன்னு நீங்க வருத்தப்படக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் கூப்புட்டேன். சாப்புட்டாச்சுங்களா?"

கோபம் துளியும் இல்லாத குரல். நம் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் முடிவெடுத்துவிட்டால் இப்படித்தான் பேசுவார். சத்தம் போட்டால் பேசிப் பார்க்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் இடமே இல்லை.

இது நடந்தது ஓர் ஆடி மாதம். அதற்குச் சில மாதங்கள் கழித்து நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று உங்களில் ஒருவர் வழியனுப்பும் கூட்டத்தில் கேட்டார். அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக அந்த நாளை இப்போது எழுதுகிறேன்; தொடர்பு உண்டா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வண்டு வளர்ப்பு, கூண்டு, வெப்பநிலை இதெல்லாம் பயிற்சியிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும். எது சரி என்று முழுதாகத் தெரிவதற்குள் வாய் திறந்தாக வேண்டிய நாள் ஒன்று வரும். அதற்கு வகுப்பு கிடையாது.

நாம் மெக்சிகன் வண்டு என்று சொல்லும் இலைவண்டு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். பால் நிற முதுகில் பழுப்புப் புள்ளிகளும் வளைகோடுகளும். அதன் சாப்பாடு பார்த்தீனியம் என்ற களைச்செடி; அதை ஒழிக்கத்தான் நாம் இதை வளர்த்து ஊர் ஊராக விடுகிறோம். தாய் வண்டு இலைக்கு அடியில் முட்டை வைக்கும், புழு குருத்தையும் மொட்டையும் அரிக்கும், வளர்ந்தபின் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும், மழை விழுந்ததும் வண்டாகி மேலே வரும். ரோட்டோரமெல்லாம் ஆள் உயரம் நின்ற செடி இரண்டு மழைக்காலத்தில் குச்சியாகிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மொட்டு போனால் பூ இல்லை. பூ இல்லையென்றால் மகரந்தம் இல்லை.

அந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் மதுவுக்குப் பள்ளி நாளிலிருந்து மூச்சிழுப்பு. பார்த்தீனியம் பூத்த காலிமனை வழியாக நடந்து வந்தாலே அன்றிரவு தூக்கம் இருக்காது. பஃப் என்று நாங்கள் சொல்லும் உறிஞ்சு மருந்து எந்நேரமும் பையில் இருக்க வேண்டும். வண்டு விடப் போகும் இடங்களிலெல்லாம், இது எங்கோ ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொள்வேன். என் பிள்ளையைத்தான் நினைத்தேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளை படித்துமுடித்து, சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலைக்குப் போய், ஒரு வருடத்தில் விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போகிறேன் என்றாள். குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருந்தவள் பூந்தூள் பறக்கும் காட்டுக்குள் போகிறேன் என்கிறாள். நான் எவ்வளவு சண்டை போட்டிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். போய்விட்டாள். வெள்ளகோவிலில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பூக்கும் தோட்டங்களில் பெட்டி வைத்துப் பிழைத்தாள். அந்தப் பருவத்துக்கு அவளிடமிருந்த அத்தனை பெட்டிகளும் முத்துச்சாமி அண்ணனின் சூரியகாந்தித் தோட்டத்தில் இருந்தன.

அது விதைக்காக நட்ட சூரியகாந்தி. ஆண் வரிசை தனி, பெண் வரிசை தனி. மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தேனீ வேண்டும். அதனால் அவரே கூப்பிட்டுத்தான் பெட்டி வைக்கச் சொன்னார். இப்போது அவரே மருந்தடிக்கப் போகிறார்.

தேன்பெட்டியைப் பகலில் எடுக்க முடியாது. தேனீப்பூச்சியெல்லாம் வெளியே மேயப் போயிருக்கும். பொழுது சாய்ந்து எல்லாம் உள்ளே அடைந்தபின்தான் வாசலை மூடி வண்டியேற்ற முடியும். மூன்று மணிக்கு மருந்து என்றால் மேயப் போன பூச்சி பூவிலேயே விழும். தப்பி வருவது கூட்டுக்குள் விஷத்தைக் கொண்டுவரும்.

மதுவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஆய்வகப் பொறுப்பாளருக்குப் பேசினேன். என்னைவிட வயதில் சிறியவர், நல்லவர். "மேடம், அது சூரியகாந்தியத் தின்னாது. நம்ம துண்டறிக்கையிலயே இருக்கு. அதச் சொல்லிட்டு வந்துருங்க, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "அங்க உங்க பொண்ணோட பெட்டி இருக்குதுங்கல்ல? வேற யாரையாவது அனுப்பட்டுங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். நான் போய் மருந்து அடிக்காதீர்கள் என்று சொன்னால் அது அதிகாரி சொல்வதா, பெட்டிக்காரியின் அம்மா சொல்வதா? ஆனால் வேறு யாராவது அலுவலகம் வந்து, வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். நானே போகிறேன் என்றேன். அந்த நிமிடம் நான் அதிகாரியாக யோசித்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பல்லடத்தில் கோழி ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் நகர முடியாமல் நின்றபோது மதுவை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன்.

தோட்டத்தை அடைந்தபோது காற்று சுழற்றி அடித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றுக்கு வெள்ளகோவில் வரை தடுப்பே கிடையாது. முத்துச்சாமி அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். அறுபது வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி ஈஸ்வரி அக்கா. தூரத்தில் பெட்டிகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைமேல் மது உட்கார்ந்திருந்தாள், முகத்தில் துப்பட்டா சுற்றி.

அவளிடம் ஓடத்தான் கால் இழுத்தது. அவரிடம் போனேன்.

"வாங்க அம்மணி. இத்தன தொலவு எதுக்குங்க வந்தீங்க, போன்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்.

"என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்கறீங்க?"

"தின்னாது, பொறுத்துப் பாருங்கம்பீங்க. வேறென்ன சொல்லுவீங்க?" சிரித்துக்கொண்டே சொன்னார். "படைப்புழு வந்தப்பவும் ஒருத்தரு வந்தாருங்க. ஒரு ராத்திரி பொறுங்க, காலைல பாத்துக்கலாம்னாரு. நல்ல மனுசன். மக்காச்சோளம்தான் போயிருச்சு. மாட்டுக்குக் கூட ஆகுலீங்க."

இலையைக் காட்டுங்கள் என்றேன். மேற்கு வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டு இருந்தது. நம்முடையதேதான். இலைகள் சுரண்டப்பட்டு, சில இடங்களில் ஓட்டையாகியிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இலையை அரித்துக்கொண்டிருந்தது.

தொண்டையில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. துண்டறிக்கையில் இருப்பது. மகளைக் காப்பாற்றக்கூடியது. அதைச் சொல்லியிருந்தால் முத்துச்சாமி அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார். சரிங்க என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டு மூன்று மணிக்கு மருந்தை அடித்திருப்பார். கண்ணெதிரே நடப்பதை இல்லை என்று சொல்கிறவள் அடுத்துச் சொல்லும் எதையும் அவர் ஏன் கேட்க வேண்டும்?

"திங்குதுங்ணா," என்றேன். "நெசந்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று அவர் என்னைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

காற்று வாக்கில் பேச்சு பெட்டிவரை போயிருக்க வேண்டும். மது எழுந்து வந்தாள். "ஏம்மா, நீயே சொல்றயா? காலைலருந்து நான் தின்னாது பெரியப்பா, தின்னாது பெரியப்பான்னு கெஞ்சிட்டு இருக்கறேன். நீ வந்து ஒரே வார்த்தைல முடிச்சுட்டே." மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினாள். அந்த நிறுத்தம் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பஃப் எடுத்தியா?"

"அத உடு. என்ர பூச்சிக்குப் பதில் சொல்லு."

ஈஸ்வரி அக்கா, "வந்ததும் வராததுமா அம்மாவ எதுக்கு கண்ணு வையறே? முதல்ல தண்ணியக் குடி" என்று அவளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார்.

நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு மேலே ஒரு பெண் அதிகாரி இருந்தார். வண்டு எதையாவது தின்கிறது என்று நாங்கள் பதறிக்கொண்டு போய் நின்றால் ஒரே கேள்வி கேட்பார்: நேற்றுவரை இது எதைத் தின்றுகொண்டிருந்தது? ஒரு தடவை வளர்ப்பு அறையில் சூரியகாந்தி இலையை வண்டு சுரண்டியபோது, அதே செடியிலிருந்து இன்னோர் இலையைப் பறித்துக் குழாயடியில் கழுவி வைக்கச் சொன்னார். கழுவிய இலையை வண்டு சீண்டவில்லை. பார்த்தீனிய மகரந்தம் ஒட்டிய இலையைத்தான் அது தன் சாப்பாடு என்று நினைத்துக் கடித்திருக்கிறது. எத்தனையோ வருடமாக நினைவுக்கு வராத அந்தக் குழாயடி அன்றைக்கு வந்தது.

வரிசைக்குள் இறங்கி நடந்தேன். மேற்கு ஓரத்தில்தான் கடி அதிகம். உள்ளே போகப் போகக் குறைந்து, நடுத்தோட்டத்தில் இலை முழுசாக இருந்தது. எந்த இலைக்கு அடியிலும் முட்டை இல்லை, புழு இல்லை. குடும்பம் நடத்த வந்த கூட்டமில்லை இது. பசிக்கு வந்து நிற்கிறது. ஓரத்து இலைகளைத் தடவிப் பார்த்தால் விரலில் வெளுத்த தூள் ஒட்டியது. தலையைத் தூக்கினேன். மேற்கு வேலியோரம் முழுக்கப் பிடுங்கிப் போட்ட பார்த்தீனியம் குவியல் குவியலாகக் கிடந்தது. பூவோடு பிடுங்கியது. வெயிலில் காய்ந்து, ஆடிக் காற்றில் மாவாகப் பறந்துகொண்டிருந்தது.

இதை அப்படியே அவரிடம் சொல்லலாம். சொன்னால், கெட்டிக்காரி, மகளுக்காகக் கதை கட்டுகிறாள் என்றுதான் தோன்றும். எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அதனால் இப்படிச் சொன்னேன். "அண்ணா, அந்தப் பொட்டியெல்லாம் என்ர புள்ளயோடது. நான் சொல்றத நீங்க நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். நான் எதுலயும் கை வெக்கறதில்ல. நீங்களே வண்டப் புடிங்க. நீங்களே இந்த வரிசையில எலையப் பறிங்க. பாதிய அப்படியே ஒரு பாத்தரத்துல போடுங்க. பாதிய நல்லாக் கழுவி, தண்ணி வடியவுட்டு இன்னொண்ணுல போடுங்க. ரெண்டுலயும் வண்டு உட்டு வாயத் துணியில கட்டி வெச்சுக்கங்க. மூணு மணிக்கு நீங்களே தொறந்து பாருங்க. ரெண்டு எலையும் ஒரே மாதிரி போயிருந்தா மருந்தடிங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"உங்க புள்ள?"

"அவளையும் பேச உடமாட்டேன்."

அவர் ஈஸ்வரி அக்காவைப் பார்த்தார். "வண்டுக்குப் பலகாரம் கட்டணுமாமா. போசி எடுத்துட்டு வா."

"வந்த மனுசிக்கு ஒரு வாய் டீத்தண்ணி இல்ல, வண்டுக்குப் போசியாமா" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா வீட்டுக்குள்ளிருந்து பிடி வைத்த இரண்டு தூக்குப்போசி கொண்டுவந்தார். அண்ணன் வண்டு பிடித்தார். அக்கா இலையைக் கழுவினார், வெண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி, மூன்று தண்ணீர் மாற்றி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். போசிகளைக் கட்டித் தன் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார் அண்ணன்.

உச்சிப்பொழுது தாண்டி வெகுநேரம் வரை அப்படியே கழிந்தது. மது என்னோடு பேசவில்லை. பெட்டிகளையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு தடவையும் குவியல்களைத் தாண்டித்தான் போனாள். துப்பட்டாவுக்குள் இருமினாள்.

அப்போதுதான் அவர் கேட்டார். "அம்மணி, ஒண்ணு கேக்கறனுங்க. அந்த வண்டு போன வருசமே வாய்க்கா மேட்டுல இருந்துச்சு. எங்க வேலிலயும் இருந்துச்சு. என்ர பூவுக்கு வருலீங்களே. இப்ப மட்டும் எதுக்குங்க வந்துச்சு?"

பதில் தெரியும். குவியலைக் காட்டினேன். "அது எப்பப் புடுங்குனதுங்ணா?"

பதில் ஈஸ்வரி அக்காவிடமிருந்து வந்தது. "அதுங்களா? போன வாரங்க. புள்ள இங்க வாரப்பெல்லாம் இழுத்துட்டே இருக்குதுங்க. என்ன கண்ணுன்னா ஒண்ணுமில்ல பெரிம்மாங்குது. அப்பறம் அந்தப் பூவு ஆகாதுன்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிருச்சு. எனக்கு வெசனமாப் போச்சுங்க. ரெண்டு நாளு ஆள் உட்டு, நானும் எறங்கி, வேலியோரம் ஒண்ணு உடாமப் புடுங்கிப்போட்டோம். புள்ளகிட்டச் சொல்லுலீங்க. சொன்னா வேண்டாம்பா."

மது அப்போது மரத்தடிக்கு வந்திருந்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

என் பிள்ளை மூச்சு விட வேண்டும் என்று சொந்தமோ பந்தமோ இல்லாத ஒரு குடும்பம் வெயிலில் குனிந்து களை பிடுங்கியிருக்கிறது. அதனால்தான் வண்டுக்குச் சாப்பாடு போய், காற்றில் தூள் பறந்து, அவர்கள் பயிருக்கு இது வந்தது என்று நான் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். போசியே பேசிக்கொள்ளும். ஆனால் காரணம் தெரியாமல் போனால் குவியல் அங்கேயே கிடக்கும். தூள் பறந்துகொண்டே இருக்கும். அடுத்த வாரம் இன்னொரு மருந்து வண்டி வரும்.

சொன்னேன். வார்த்தையைத் தேடித் தேடித்தான் சொன்னேன். பூவோடு பிடுங்கியது, காற்றுக்கு மேல்பக்கம் போட்டது, வண்டு பட்டினி கிடந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நாங்க பண்ணுனதுதானுங்களா?"

"இல்லீங்க்கா, நீங்க நல்லதுக்குத்தான்..."

முத்துச்சாமி அண்ணன் கட்டிலைவிட்டு எழுந்தார். "இது நல்லாருக்குதுங்க. வண்டு உட்டது நீங்க. பொட்டி வெச்சது உங்க புள்ள. தப்பு பண்ணுனது என்ர பொண்டாட்டி." அப்போதும் குரலை உயர்த்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்துபோனார். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல இன்னும் எனக்குக் கை வரவில்லை. மது அக்காவின் தோளைத் தொட்டு, "பெரிம்மா, நீங்க எதுக்கு..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. குனிந்தாள். மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது, கீச்சென்று, வெளியே வருகிற சத்தம் இல்லை. பையைத் துழாவி பஃப்பை எடுத்து அழுத்தினாள். காலியாக இருந்தது. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"கார்ல ஏறு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பெட்டிகளைக் காட்டினாள். பேச முடியவில்லை. மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் அங்கே நின்றால் போசியைத் திறக்கும்போது விளக்கம் சொல்லலாம், மன்றாடலாம், வண்டிக்கு முன்னால் நின்றுகூடப் பார்க்கலாம். போய்விட்டால் அங்கே நம் பக்கம் பேச ஒருவரும் இல்லை.

யோசித்தேனா என்றால் இல்லை. தேனீயோடு அவள் பட்ட மூன்று வருடப் பாட்டை அந்த வரப்பில் விட்டுவிட்டு, அவளை இடுப்போடு பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள், அடித்தாள்கூட. ஈஸ்வரி அக்கா மறுபக்கம் பிடித்துக் காரில் தள்ளிக் கதவைச் சாத்தினார். கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்குள் நுழைகிற இடத்தில் டேங்க் பூட்டிய டிராக்டர் ஒன்று எதிரே வந்து எங்களைக் கடந்து போனது. கண்ணை மூடிச் சாய்ந்திருந்த மது அதைப் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. நெபுலைசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஈரோட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்திருக்கும் என்றார் மருத்துவர். மூச்சு மெல்ல வழிக்கு வந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றும் அவள் வீட்டுக்கு வந்து தூங்கும்போது கதவோரம் நின்று பார்க்கிறேன். அவளுக்குத் தெரியாது.

முகமூடியை விலக்கியதும் அவள் கேட்டது ஒன்றுதான். "மணி என்னம்மா?"

மூன்று எப்போதோ தாண்டியிருந்தது. சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தோட்டத்தில் வேலையாக இருந்தால் அவர் எடுக்க மாட்டார். என்ன வேலை என்று நினைக்கவே பயமாக இருந்தது.

நீங்கள் என்னிடம் கேட்கலாம், அன்று எடுத்த முடிவுகளில் எது சரி என்று. தின்கிறது என்று ஒப்புக்கொண்டது சரி, அதை இப்போதும் சொல்வேன். உங்கள் ஆட்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், அதையும் சொல்வேன். காரணத்தை அக்காவின் முன்னால் சொன்னது பற்றி எனக்கு இன்னும் உறுதியில்லை. தனியாக அவரை அழைத்துச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் யாரிடம் சொல்கிறோம் என்பதோடு, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பொழுது இறங்கும் நேரத்தில் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. முத்துச்சாமி அண்ணன். வேட்டி முழங்கால்வரை நனைந்து, தலையெல்லாம் ஈரம். கையில் இரண்டு தூக்குப்போசி. ஒன்றைப் பெஞ்சின்மேல் வைத்துத் துணியை அவிழ்த்தார். இலை ஓரமெல்லாம் அரிபட்டிருந்தது. இன்னொன்றை அவிழ்த்தார். இலை வாடியிருந்தது. கடி இல்லை. வண்டு போசியின் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

கழுவிய இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வண்டி வந்து நின்னுருச்சுங்க," என்றார். "வந்த வண்டியச் சும்மா அனுப்பறதுக்கு மனசு வருலீங்க. வெறுந்தண்ணிய ரொப்பி மேக்கால வரிசை எலையெல்லாம் கழுவியுட்டுப்போட்டேன். டிராக்டர்காரன் என்னையப் பைத்தியம்னுட்டுப் போறான்."

மது எழுந்து உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷத்தைவிட முந்திக்கொண்டு வந்தது பயம்தான். "டேங்க்கக் கழுவுனீங்களாண்ணா? பழைய மருந்து ஏதாச்சும் ஒட்டிட்டு இருந்துச்சுன்னா..."

"உங்க அக்கா ஏறி உள்ளார எறங்கித் தேச்சுக் கழுவுனாளுங்க. வண்டுக்கு எலை கழுவுனவ, பூச்சிக்கு டேங்க் கழுவ மாட்டாளா? அந்தக் குமியலையும் ஈரத்தோட வாரிக் குழியில போட்டு மூடிட்டுத்தான் அடுப்படிக்குப் போனா." மதுவைப் பார்த்தார். "பொட்டியெல்லாம் இருந்த எடத்துலயே இருக்குது கண்ணு. பூச்சி எல்லாம் அடஞ்சிருச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குனிந்து, கழுவிய இலை இருந்த போசியை எடுத்து உள்ளே பார்த்தார்.

"இதுக காலைலருந்து பட்டினிங்க அம்மணி. வாய்க்காலுக்கு அக்கட்டால கொஞ்சம் பார்த்தீனியம் நிக்குது, அத நாங்க புடுங்குலீங்க. போற வழியில இதுகள அங்க உட்டர்றனுங்க." துணியை மறுபடி கட்டிக்கொண்டே சொன்னார். "கண்ணு, நீ மட்டும் அந்தப் பக்கம் வந்துராத."